வலை தண்ணீரில் இருக்கும்போது

புஷ்பலதா வாயை மூடிக்கொண்டாள் என்று சொன்னால் செம்பாக்கத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். காலையில் தெருமுனையில் அன்னக்கூடையை இறக்கி வைத்து, "சங்கரா, வவ்வாலு, நெத்திலியேய்!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் நான்காவது மாடியில் பல் விளக்கிக்கொண்டிருப்பவர்கூட பால்கனிக்கு வந்துவிடுவார். பேரம் பேசலாம் என்று அவளிடம் வாயைக் கொடுத்தவர்கள் மீனை வாங்கிக்கொண்டுதான் திரும்பியிருக்கிறார்கள், அவள் சொன்ன விலைக்கே. அப்பேர்ப்பட்டவள் வீட்டில் புருஷனோடு பேச்சை நிறுத்தி, மழைக்காலம் முழுக்க ஓடிப்போய் பனியும் ஆரம்பித்துவிட்டது. சோறு போடுவாள், மாத்திரை எடுத்து வைப்பாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவாள். பேச மட்டும் மாட்டாள். எதையாவது சொல்லியே தீரவேண்டும் என்றால் சுவரிடம் சொல்வாள். "ரசம் சூடா கீது." சுவர் ஒன்றும் சொல்லாது. மதியழகனும் சொல்லமாட்டான்.

மதியழகனுக்குத் தொண்டையில் புற்றுநோய். நாக்கு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், டான்சில் சதையில் ஆரம்பித்தது. இத்தனைக்கும் அவன் பீடி தொட்டதில்லை, பாக்கு போட்டதில்லை. பனையூர்ப் பக்கத்துக் குப்பத்தில் அப்படி ஒரு மனிதனைக் காட்டுவதே கஷ்டம். போன வருஷம் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டு மேல் இருக்கிற ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். கழுத்து கறுத்துப்போய், நாக்குக்கு ருசி செத்துப்போய், ஒருவழியாகக் கட்டி கரைந்தது. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் கழுத்தின் இடது பக்கம் எலுமிச்சம்பழம் மாதிரி திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டது. நுரையீரலிலும் புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது என்றார்கள்.

முதலில் எடுத்த சதையையே மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு, இது ஒரு வைரஸால் வருகிற வகை என்று சொன்னார்கள். சொன்னதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஜோனத்தான் என்று ஒரு சின்ன டாக்டர், படித்து முடித்த கையோடு வந்தவர். கெட்டவர் இல்லை, இங்கிதம்தான் இன்னும் வரவில்லை. புஷ்பலதா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "கல்யாணத்துக்கு முன்னாடியோ அப்புறமோ உங்களுக்கு வேற யார்கூடவாவது தொடர்பு உண்டா? இந்த வைரஸ் அப்படி வர்றதுதான், அதான் கேக்கறேன்" என்று கேட்டுவிட்டார்.

மதியழகன் தலையைக் குனிந்துகொண்டான். புஷ்பலதா காத்திருந்தாள். 'இல்ல சார்.' இரண்டே வார்த்தை. கடலில் பேய்க்காற்றுக்கு எதிரே நின்று கத்துகிறவனுக்கு அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜோனத்தானும் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். புஷ்பலதாவுக்கு அடுத்த கேள்வி என்று ஒன்று இல்லாமல் போயிற்று.

அவளுக்கு வலித்ததற்குக் காரணம் உண்டு. மதியழகன் அவளுக்கு இரண்டாவது புருஷன். முதல் புருஷன் கோபு, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், மாட்டிக்கொண்ட வலையை விடாமல் இழுக்கப்போய்க் கடலோடு போய்விட்டான். அதே போட்டில் போய்த் திரும்பி வந்தவன் மதியழகன். கோபுவின் உயிர்ச் சிநேகிதன். அவன்தான் பிறகு தன் வீட்டில் அத்தனை பேரையும் பகைத்துக்கொண்டு, அவள் கழுத்தில் தாலி கட்டினான். குப்பத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம். அவனைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேச அவள் யாரையும் விட்டதில்லை. ஒரு பருவம் மங்களூருக்கு விசைப்படகு வேலைக்குப் போயிருந்தானே, அங்கேயா? யாரு? எப்படி இருப்பாள்? கூடையோடு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து சோழிங்கநல்லூர், மேடவாக்கம் என்று போகிற வழியெல்லாம் இதையே மென்றுகொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர் தீபலட்சுமி நிதானமானவர். ஒரு ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டு புதுவகை ஊசி ஒன்று போடப்போகிறோம், மருந்து இலவசம் என்றார். அதை விளக்குவதற்கும் மெனக்கெட்டார்.

"நீங்க அப்பார்ட்மென்ட்டுக்கெல்லாம் மீன் கொண்டு போறீங்கல்ல புஷ்பலதா? கேட்ல செக்யூரிட்டி உங்களை நிறுத்துவாரா?"

"நிறுத்தாம? வெயில்ல காய வெச்சிடுவான். உள்ளருந்து யாருனா போன் பண்ணி, நம்ம ஆளுதான், வுட்டுடுன்னு சொன்னாத்தான் வுடுவான்."

"அதேதான். நம்ம உடம்புக்குள்ளயும் அந்த மாதிரி செக்யூரிட்டி செல்லுங்க இருக்கு. வைரஸ் புகுந்த செல்லைப் பார்த்தா அதுக்கு அடையாளம் தெரியும். பிடிக்கத்தான் போகும். ஆனா இந்தக் கட்டி கில்லாடி. செக்யூரிட்டி கிட்ட வரும்போதெல்லாம், 'நம்ம ஆளுதான், விட்டுடு'ன்னு போன் பண்ற மாதிரி ஒரு சிக்னல் குடுக்குது. செக்யூரிட்டியும் திரும்பிப் போயிடுது. இந்த ஊசி அந்த போன் லைனை கட் பண்ணிடும். கட்டியைக் கொல்லப்போறது ஊசி இல்ல, இவரோட சொந்த செக்யூரிட்டிதான்."

மதியழகன் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் அதோடு நிறுத்தவில்லை.

"ஆனா ஒண்ணு. அந்த போன் லைன் நல்ல செல்லுங்களுக்கும் வேணும். அது கட் ஆனா சில சமயம் செக்யூரிட்டி வீட்டுக்காரங்களையே அடிக்க ஆரம்பிச்சிடும். குடல், நுரையீரல், தோலு, எங்க வேணா. பேதி ஆனாலோ, மூச்சு வாங்கினாலோ, அன்னிக்கே எங்களுக்குச் சொல்லணும். கரண்ட் வைச்சப்ப பல்லைக் கடிச்சிட்டுப் பொறுத்துக்கிட்டீங்களே, அந்த மாதிரி இதைப் பொறுத்துக்கக் கூடாது. புரியுதா புஷ்பலதா?"

புஷ்பலதா தலையை ஆட்டினாள். அந்த நேரத்தில் அவள் மங்களூரில் இருந்தாள்.

குப்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. வலை தண்ணீரில் இருக்கும்போது அதைப் பற்றிப் பேசக் கூடாது. கரையில் நிற்கிறவர்கள் மீன் பட்டதா என்று கேட்கக் கூடாது. போட்டில் இருப்பவர்கள் இன்றைக்கு நல்ல பாடு, வலை நிறையும் என்று மகிழக் கூடாது. வலை எங்கேயோ மாட்டிக் கிழிகிற மாதிரி தெரிந்தால்கூட, கிழிகிறது என்று வாயைத் திறக்கக் கூடாது. வலை ஏறட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம். பேசினால் உள்ளது போய்விடும். மதியழகன் இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. ஒருமுறை யாரோ அவசரப்பட்டு "இன்னிக்குக் கொட்டப்போவுதுடா" என்று சொல்லிவிட்டதற்காக அவனோடு ஒரு வாரம் போட்டில் ஏறவில்லை.

முதல் ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கே மகன் பிரேமையும் பக்கத்து வீட்டிலிருந்த அக்கா முத்தாலம்மாளையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டான். "வலை தண்ணில எறங்கிடுச்சி. ஸ்கேன் எடுக்கிற வரிக்கும் இதப்பத்தி யாரும் ஒன்னும் பேசக் கூடாது. நல்லதும் வேணாம், கெட்டதும் வேணாம்." எல்லோரும் சரி என்றார்கள். அவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. டாக்டரிடம் மட்டும் இந்தச் சட்டத்தை யாரும் தெரிவிக்கவில்லை. தெரிவித்திருந்தால் அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் சோறு போடும்போது புஷ்பலதா பார்த்தாள். கழுத்தில் இருந்த எலுமிச்சம்பழம் சுருங்கியிருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சுருங்கித்தான் இருந்தது. குழம்புக் கரண்டியை அப்படியே சட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் பின்பக்கம் போய், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். கோபம் ஒருபக்கம் இருக்கட்டும், இந்த மனுஷன் செத்துப்போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஒரு தடவை கடல் அவளிடமிருந்து பிடுங்கியது போதாதா? முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பேசாமலிருக்க ஒரு காரணத்துக்கு இரண்டு காரணம் இருந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன் சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிட, வழக்கத்தைவிட முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டாள். முந்தின நாள் லாரித் தண்ணீர் பிடித்து நிரப்பியிருந்த டிரம், அடி தெரியக் காலியாக இருந்தது. "யாருடா இவ்ளோ தண்ணியக் காலி பண்றது?" என்று சுவரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். அடுப்பில் மாதுளம் ஓடு போட்டுக் கொதிக்கவைத்த கஷாயம் ஆறிப்போய்க் கிடந்தது. பக்கத்தில் மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிற பேதி மாத்திரை அட்டை, எல்லாக் குழியும் காலி. கக்கூஸ் கதவு திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மதியழகன் வெளியே வந்தான்.

மாதக்கணக்கில் அவனை நேராகப் பார்க்காதவள் அன்றைக்குப் பார்த்தாள். செவுளைப் புரட்டிப் பார்த்து மீன் நேற்றையதா இன்றையதா என்று சொல்லிவிடுகிறவள், சொந்தப் புருஷனின் கண் குழிக்குள் போனதைக் கவனிக்கவில்லை. லுங்கி இடுப்பில் நிற்காமல் இன்னொரு சுற்று சுற்றியிருந்தது.

"எத்தினி நாளா?" என்றாள். சுவரைப் பார்த்து இல்லை.

அவள் பேசியதில் அவனுக்கே திக்கென்றது. "கொஞ்ச நாளாத்தான்."

"ஆஸ்பத்திரிலருந்து அந்த ஜாஸ்மின் சிஸ்டரு போன் பண்ணி பண்ணிக் கேக்குதே. இன்னா சொன்ன?"

"நல்லா கீறேன்னு சொன்னேன்."

"நல்லா கீறியா?"

"சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்கமே. வர்ற வாரம் ஸ்கேனு. வலை ஏறட்டும்."

சத்தம் கேட்டு முத்தாலம்மாள் வந்தாள். தம்பியைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். புஷ்பலதாவைத் தனியாக வெளியே அழைத்துப்போய், "ஒரு வாரம்டி. கஞ்சியக் காச்சி ஊத்து. அங்க கரைஞ்சிகினு கீது, உனக்கும் தெரியும். இப்போ போய்ச் சொல்லி ஊசிய நிறுத்திட்டாங்கன்னா, அப்புறம் யார்கிட்ட போய் நிப்ப?" என்றாள்.

தப்பு என்று சொல்வதற்கில்லை. புஷ்பலதாவுக்கும் அதே பயம்தான். அத்தனை ஊசியும் கரண்டும் பட்டினியும் பட்டு இப்போதுதான் ஒன்று பலித்திருக்கிறது. இவள் ஒரு போன் பண்ணினால் அது நின்றுபோகும். நின்றால் எலுமிச்சம்பழம் திரும்பி வரும். போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். கஞ்சி வைக்க அரிசியைக் கழுவினாள். கழுவும்போதுதான், மறந்துபோனது என்று அவள் நினைத்திருந்த பேச்சு திரும்பி வந்தது. செக்யூரிட்டி வீட்டுக்காரங்களையே அடிக்க ஆரம்பிச்சிடும். குடல் என்றாரே? முதலில் குடலைத்தானே சொன்னார்?

அதற்குள் மதியழகன் மறுபடி உள்ளே போய் வந்துவிட்டிருந்தான். தண்ணீர் ஊற்றக்கூட அவனுக்குத் தெம்பில்லை. அவள் வாளியோடு போய்ப் பார்த்தாள். ரத்தம்.

ஜாஸ்மின் சிஸ்டர் இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். புஷ்பலதா சொல்லி முடிப்பதற்குள், "ஐயோ, ஏன்க்கா இவ்வளவு நாள் சொல்லல? இனிமே மாத்திரை, கஷாயம் எதுவும் குடுக்காதீங்க. இப்பவே கிளம்புங்க, நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

மதியழகன் வரமாட்டேன் என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். முத்தாலம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "பாதில வலைய இழுக்கறியேடி, பாவி!"

"இழுக்கத்தான் போறேன் அண்ணி. பட்டது படட்டும். வலையப் புடிச்சிகினு ஆள வுட முடியாது. ஒருத்தன அப்டி வுட்டாச்சி. வழிய வுடு."

கோபுவைத்தான் சொல்கிறாள் என்பது முத்தாலம்மாளுக்குத் தெரியும். நகர்ந்துகொண்டாள். நகர்ந்ததோடு இல்லாமல், தம்பியின் கால்பக்கத்தைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றியதும் அவள்தான். மேடவாக்கத்தில் ஒரு நெரிசல், தாம்பரம் பாலத்தில் ஒரு நெரிசல். ஆட்டோ நிற்கிற இடத்திலெல்லாம் புஷ்பலதா வெளியே தலையை நீட்டி முன்னால் இருந்த வண்டிக்காரர்களைத் திட்டினாள். அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த மதியழகன் அந்தத் திட்டுகளைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தான். வீட்டில் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

தீபலட்சுமி ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டார். குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். உள்ளே முழுக்கப் புண். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் குடல் ஓட்டையாகியிருக்கும், அப்புறம் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். வெறி பிடித்து அடிக்கிற செக்யூரிட்டியை அடக்குவதற்கு ஸ்டீராய்டு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள்.

"அந்த ஊசி?" என்று கேட்டாள் புஷ்பலதா.

"இனிமே போட முடியாதும்மா."

அவள் வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் நிறுத்திட்டேன். என் கையால நானே நிறுத்திட்டேன்" என்று அழுதாள். போகிற வருகிறவர்கள் பார்ப்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. டாக்டர் அவள் பக்கத்தில் குனிந்து சொன்னார். "நீங்க நிறுத்தல. நீங்கதான் அவரைக் காப்பாத்தினீங்க. சில பேருக்கு ஊசியை நிறுத்தின பிறகும் அந்த செக்யூரிட்டி கட்டியை மறக்கறதில்ல, அதுபாட்டுக்கு வேலை செய்யும். சில பேருக்குத் திரும்ப வந்துடும். இவருக்கு எப்படின்னு இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. சொன்னா பொய்."

பொய் சொல்லாததற்காகவே அந்த அம்மாளை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

நாலைந்து நாளில் ரத்தம் நின்றது. கஞ்சி வயிற்றில் தங்கியது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பிரேம், ஷிப்டு முடிந்து நேராக ரயிலேறி வந்து அப்பாவோடு இருந்துவிட்டுப் போனான். அவன் போன பிறகு ஒரு மத்தியானம், புருஷனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே புஷ்பலதா கேட்டாள். இத்தனை மாதம் வயிற்றுக்குள் கிடந்து புளித்த கேள்வி.

"அன்னிக்கு அந்த சின்ன டாக்டரு கேட்டாரே. ஏன்யா வாய மூடிகினு இருந்த?"

மதியழகன் ஜன்னல் பக்கம் பார்த்தான். அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள்.

"மங்களூரா?"

"மங்களூரா? அங்க இன்னா?" என்று அவன் நிஜமாகவே விழித்தான். பிறகு புரிந்து, சிரிக்கப் பார்த்து, தொண்டை இழுத்ததால் இருமினான். "அங்க மீன் நாத்தத்துல தூங்கவே முடியல. நீ வேற."

"அப்போ, இல்லன்னு சொல்றதுக்கு இன்னா கேடு?"

"இல்லன்னா, அடுத்தது உன்னத்தான் திரும்பிக் கேட்டிருப்பாரு."

"கேக்கட்டுமே. எனக்கு இன்னா பயம்?" என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

மதியழகன் மெதுவாகச் சொன்னான். "நீ கோபு பேரச் சொல்லவேண்டி வரும். அவன் வழியா உனக்கு, உன் வழியா எனக்குன்னு அவரு கணக்குப் போடுவாரு. சரியோ தப்போ, ஒருதபா உன் காதுல வுழுந்துட்டா நீ ஆயுசுக்கும் அதையே நெனச்சிகினு கெடப்ப. நானே எம் புருஷனுக்குக் குடுத்துட்டேன்னு. செத்தவன எதுக்கு இழுக்கணும்? உன்ன எதுக்கு அழவெக்கணும்? என்னத் தப்பா நெனச்சா நெனச்சிக்கோன்னு வுட்டுட்டேன்."

அவள் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். எழுந்து வெளியே போனாள். வராந்தாவில் வந்துகொண்டிருந்த தீபலட்சுமியை மறித்து, சின்ன டாக்டர் அன்றைக்குக் கேட்டதைச் சொல்லி, சுற்றி வளைக்காமல் கேட்டாள். "டாக்டரம்மா, அது என்கிட்டருந்து அவருக்குப் போயிருக்குமா?"

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். ஊர்ல முக்கால்வாசிப் பேருக்கு இந்த வைரஸ் எப்பவோ வந்து, வந்ததே தெரியாம போயிருக்கும். யாரோ ஒரு சிலருக்குத்தான் தங்கி, பல வருஷம் கழிச்சு இப்படி ஆயிடுது. யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது, யார் தப்பும் இல்ல. அன்னிக்கு உங்களை வச்சுக்கிட்டு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நான் அவர்கிட்ட பேசறேன்."

"அவர வுடுங்க. சின்னப் புள்ள" என்றாள் புஷ்பலதா.

திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இத்தனை மாதம் தொடாத கழுத்தில் கையை வைத்தாள். விரல் தேடித்தான் கட்டியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு பங்கு தன்னிடமிருந்து போனதாகவே இருக்கட்டும். அதை மறைக்கத்தானே இந்த மனுஷன் கெட்ட பெயரை வாங்கி வைத்துக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

"குறைஞ்சி கீதுய்யா" என்றாள்.

"ஏய், சும்மா இருமே." அவன் பதறிப்போனான். "ஸ்கேனு இன்னும் எடுக்கல. பேசாத."

"எலுமிச்சம்பயமா இருந்துச்சி. இப்போ புளியங்கொட்டை. தீவாளிக்கு முன்னாடியே பாத்துட்டேன். பாத்துட்டு உன்கிட்ட சொல்லாம பின்னாடி போய் நின்னு அழுதேன்."

"மெதுவா பேசு. வலை தண்ணில கீது."

"இர்க்கட்டும். வந்தா வரட்டும், போனா போவட்டும். நான் பேசுவேன். நீ நல்லா கீறன்னு பேசுவேன், நீ நல்லா இல்லன்னாலும் பேசுவேன். இனிமே உனக்கு வவுறு வலிச்சாலும் பேசு, மனசு வலிச்சாலும் பேசு. வாய மூடிகினு என்னக் காப்பாத்தற வேலைய வெச்சிக்காத. கேக்குதா?"

கேட்காமல் என்ன? செம்பாக்கத்தில் நான்காவது மாடிக்குக் கேட்கிற குரல் அது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார், வார்டு வாசலில் ஜாஸ்மின் சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்தாள். மதியழகன் கண்ணை மூடிக்கொண்டான். கழுத்திலிருந்த அவள் கையை மட்டும் எடுக்கவிடாமல், தன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டான்.